காலி நிலம் என்றீர்களே

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

தலைநகர் பிஷ்கெக் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். இங்கே மேய்ச்சல் மலையில் குதிரைகளும் பிள்ளைகளும் சுகம்.

முதலீட்டாளர்கள் வருகிறார்கள், கூடாரத்தைச் சுத்தமாக வை என்றீர்கள். வைத்தேன். குதிரைப்பாலைப் புளிக்கவைத்துக் குமிஸ் கடைந்து காத்திருந்தேன். அவர்களோடும் உங்கள் மேலதிகாரியோடும் ஹெலிகாப்டரை விட்டு இறங்கியதும் நீங்கள் வரைபடத்தை விரித்து ரஷ்ய மொழியில் ஆரம்பித்தீர்கள்.

"இந்தச் சரிவு பூராவும் காலி நிலம்ங்க. பனிச்சறுக்கு விடுதிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது."

முதலீட்டாளர்களில் அந்த மாஸ்கோக்காரர் என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார்.

"இங்க பால் கறக்கிறவங்க" என்றீர்கள்.

குளிர்காலம் முழுக்கப் பள்ளியில் ரஷ்ய மொழி நடத்துகிறவள் நான். அதுகூடவா மறந்துபோயிற்று? மேலதிகாரி பக்கத்தில் நின்றார் என்பீர்கள். நின்றால் என்ன?

அதனால்தான் நானே ரஷ்ய மொழியில் வாயைத் திறந்தேன். "பால் கறக்கிறது நெசந்தாங்க. இவரோட பொண்டாட்டியும் நான்தான். காலி நிலம்னு சொன்னாரே, எங்க மாமனாரை அங்கதான் புதைச்சிருக்கோம்."

மாஸ்கோக்காரர் தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சிருங்கம்மா, எங்ககிட்ட யாரும் சொல்லல." நீங்கள் குனிந்து வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள்.

விருந்தாளிகள் வரவே கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. எங்களைக் கேட்டுவிட்டு விடுதியைக் கட்டட்டும். கேட்கும்வரை நகர மாட்டோம். எல்லை குறிக்க நீங்கள் கொடி நட்டுவிட்டுப் போன இடத்திலெல்லாம் நேற்று பக்கத்துக் குடும்பங்களோடு சேர்ந்து கூடாரம் அடித்துவிட்டோம்.

"அப்பா ஏம்மா நம்மகிட்ட பேசாமலே போனாரு?" என்று பெரியவள் கேட்கிறாள். அதிகாரியோடு வராமல், தனியாக வந்து நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி