மூன்றாம் கியரின் முனகல்

கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. கியர் ஆயில் நாற்றம் போகவில்லை. எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்திலிருந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார். நீயாக இருந்தால் அவரிடம் நகர்ந்து போய்ப் பேச்சுக் கொடுத்து, அவருடைய சொந்த ஊர் வரைக்கும் விசாரித்திருப்பாய். எனக்கு மனிதர்கள் மேல் அவ்வளவு ஆசை கிடையாது.

நம் லாரி போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீ போனபிறகு பல நாள் அது எண்ணூர் சாலை ஓரத்தில் சும்மாதான் நின்றது. உன் பங்கு இப்போது தனத்துக்கு. வண்டியை விற்றால்தான் காலடிப்பேட்டையில் மாவு மிஷின் போட முடியும் என்று சொல்லிவிட்டாள். புருஷன் லாரியை வைத்து எத்தனை நாளைக்கு அழுவது என்றும் கேட்டாள். நியாயமான கேள்வி. அத்திப்பட்டிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாகச் சொன்னார்.

நேற்று காலை, அவர் வருவதற்கு முன்னால், மெக்கானிக் சேகர் ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தான். நூற்று நாற்பதாம் நம்பர் எண்ணெய், விளக்கெண்ணெய் மாதிரி மெதுவாக இறங்குமே, அது. மூன்றாம் கியரில் நம் வண்டி முனகுவது உனக்குத் தெரியும். அந்த எண்ணெயை ஊற்றினால் கொஞ்ச நாளைக்கு முனகல் அமுங்கிவிடும். நம் பக்கத்தில் விற்பனைக்கு நிற்கிற பழைய லாரி எதுவும் முனகுவதில்லை. வீட்டை விற்கும் முன்னால் வெள்ளையடிப்பது போல அது ஒரு வழக்கம். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

நீ மட்டும்தான் நினைத்தாய். எண்ணெய் மாற்றுவதென்றால் உன்னோடு எனக்கு அரை நாள் போய்விடும். திருவொற்றியூர் கடையில் விலை கூடின டின்னைக் காட்டி, "இது இன்னும் உசத்தி" என்றார்கள். நீ டின்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தாய். "இது பின்னால கிரவுன் பல்சக்கரத்துக்கு ஊத்துறது. நம்ம கியர் பாக்ஸ்ல பித்தள வளையம் கீது. இத்த ஊத்துனா அத்த தின்னுடும்" என்று சொல்லி, சாதாரணத் தொண்ணூறு நம்பரைத்தான் வாங்கினாய். பழைய எண்ணெயை இறக்கியதும் இரண்டு விரலில் தேய்த்து வெயிலில் பிடித்துப் பார்ப்பாய், மஞ்சளாகப் பித்தளைப் பொடி எதுவும் மின்னுகிறதா என்று. துறைமுக வாசலில் லோடு காத்திருக்கும். நான் கத்திக்கொண்டிருப்பேன்.

கெட்டி எண்ணெய் ஊற்றி அந்த முனகலையாவது நிறுத்தேன் என்று ஒருநாள் கேட்டேன். "அது கத்தட்டும் மாமு. கத்துனாதான் எங்க நோவுதுன்னு தெரியும்" என்றாய்.

அப்படிச் சொன்ன ஆள்தான் சீட்டுக்கு அடியில் இருமல் மருந்தை வைத்திருந்தாய். வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு மூடி குடிப்பாய். கேட்டால், "சொம்மா தூசி மாமு." சாம்பலும் நிலக்கரியும் பறக்கிற இடத்தில் ஊரே இருமுகிறது, அதில் ஒருவன் இருமலை யார் தனியாகக் கேட்பது? எண்ணெயில் மஞ்சள் தேடினாய். கைக்குட்டையில் சிவப்பு வந்தபோது மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாய். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது டாக்டர் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

சேகர் டின்னைத் திறக்கும்போது தனம் கேபினைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சீட்டுக்கு அடியிலிருந்து காலி மருந்து பாட்டில்கள் உருண்டு வந்தன. ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

"இன்னாண்ணா இது? எத்தினி நாளா?"

"ரொம்ப நாளா குடிச்சிகினு இருந்தான்மா."

அவள் அழவில்லை. பாட்டிலையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சேகர், "இத்த ஊத்துனா வர்றவனுக்கு ஒண்ணியும் தெரியாதுக்கா" என்றான்.

"அத்த மூடி எடுத்துகினு போப்பா. வூட்ல ஒருத்தர் சத்தம் காட்டாம போனது போதும். இதாச்சும் கத்தட்டும்."

தொண்ணூறு நம்பரைத்தான் ஊற்றினோம். கை நாற்றம் அதனுடையது.

அத்திப்பட்டுக்காரர் வந்து ஓட்டிப் பார்த்தார். மூன்றாம் கியர் நன்றாகவே முனகியது. மனிதர் இறங்கும்போது முகம் செத்திருந்தது. "விக்கிற வண்டி, கெட்டி ஆயில் ஊத்தியும் இந்த சத்தம் போடுதுன்னா, உள்ள எவ்ளோ கெட்டுக் கெடக்கும்?" என்று கிளம்பிவிட்டார். கெட்டி எண்ணெய் ஊற்றவே இல்லை என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மாவு மிஷின் அவர் பைக்கில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தனம்தான் போய் வழி மறித்தாள். "நட்டைக் கயட்டிப் பாத்துட்டுப் போ நைனா." சேகர் அடியில் படுத்து நட்டைத் தளர்த்தினான். எண்ணெய் மெல்லிய நூலாக ஒழுகியது. அவர் இரண்டு விரலில் தேய்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். அப்படிப் பார்க்கிற ஆள் நீ ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். மஞ்சள் எதுவும் மின்னவில்லை. "இத்த ஊத்திக்கினா விக்க வந்தீங்க?" என்று கேட்டார். பேரிங்கை மாற்றிக்கொள்வதாகச் சொல்லி விலை பேசி முடித்தார். சாயங்காலம் வண்டி மூன்றாம் கியரில் முனகிக்கொண்டே போனது. திருப்பம் தாண்டும் வரை கேட்டது.

அப்போதுதான் எனக்கு இருமல் வந்தது. வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினேன். என் சட்டைப் பையிலும் ஒரு பாட்டில் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பை புடைத்திருப்பதைப் பார்த்துத் தனம் கையை நீட்டினாள். கொடுத்தேன்.

இதோ, இந்த பெஞ்சின் மறுகோடியில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள், நான் எழுந்து ஓடிவிடக் கூடாதென்று. உள்ளே என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். இருமல் வருகிறது. அடக்கவில்லை, மாமு. கூடமே திரும்பிப் பார்க்கிறது.