ஆழியானுக்கு ஒரு கட்டம்

மாதா துணை
தூத்துக்குடி
22-6-76

அன்பு மகன் கிளாட்வினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அக்காவும் சுகம், பம்பாயில் நீ சுகமாயிருக்க ஜெபிக்கிறோம், அப்பா சுகம் என்று எழுதக் கை வராததால்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்து நீ கதை எழுதும் படப்புத்தகத்தின் ஜூன் இதழைப் பிரித்தபோது வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். கட்டிலில் அப்பா, கால்மாட்டில் அக்கா ஜீவமணி, வாசல்படியில் பக்கத்து வீட்டுச் சந்தனமாரி, வாசித்துச் சொல்ல நான். அப்பாவுக்கு எழுத்து தெரியாது என்பதும், நான் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து நானாகப் படித்துக்கொண்டவள் என்பதும் உனக்குத் தெரியும். உன் கதையின் காவல் ஐவரில் கடலுக்குள் போகிற ஆழியானை மூழ்கிய கப்பலின் அடித்தளத்தில் வைத்து இரும்புக் கதவைச் சாத்தினாயே, அது மார்ச் மாதம். புதுத் துறைமுகத்தில் மூட்டை சரிந்து அப்பாவின் இடுப்பெலும்பு போனதும் அதே மாதம். அன்றிலிருந்து அவர் மல்லாந்தபடிதான், சன்னல் கம்பி வழியாக ஒரு தோணிக் கொடிமரத்தின் நுனி தெரியும், அவ்வளவுதான் அவருக்குக் கடல். அவரை விட்டுக் கோயிலைத் தாண்டி எங்கும் போக எனக்கும் வழியில்லை.

என் நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன் மகனே. மார்ச்சில் ஆழியானுக்கு ஒன்பது படக்கட்டம், ஏப்ரலில் இரண்டு, மேயில் ஒன்று, ஜூனில் ஒன்றுமேயில்லை. பறக்கிறவன் மலைக்குப் போய்விட்டான், நெருப்புக்காரன் ராஜா வீட்டுக் கல்யாணத்தில் நிற்கிறான், அதற்கே எட்டுப் பக்கம். ஐந்து பேரை வைத்துக் கதை நடத்துகிறவன் ஒருவனை விட்டு ஒருவனிடம் போகத்தான் வேண்டும், அது எனக்குப் புரிகிறது. இரண்டு அடுப்பில் நாலு பாத்திரத்தை மாற்றி மாற்றி வைக்கிறவள்தானே நானும். ஆனால் மூடி போட்டு வைத்ததை நடுநடுவே ஒரு தடவை கிண்டாவிட்டால் அடிப்பிடித்துவிடும். அப்பா மேயிலேயே சொன்னார், "சங்கு குளிக்கப் போனா ஒரு மூச்சு ஒன்றரை நிமிசம், மூணு மாசமா உள்ள கெடக்கான், மத்த நாலு பேருல ஒருத்தனாவது அவன் எங்கலேன்னு கேக்கானா" என்று. சந்தனமாரி சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, அவன் செத்தா புஸ்தகம் ஓடாதுல்லா, பயப்படாதீய" என்றாள். அப்பா சிரிக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். பாளையங்கோட்டை டாக்டர் ஜூலை எட்டாம் தேதி இடுப்பைத் திறந்து எலும்பைச் சேர்த்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார், இனியும் தள்ளிப்போட்டால் காலூன்றி நடக்கவே முடியாதாம். அப்பா வரமாட்டேன் என்கிறார். "அவன் வெளிய வரட்டும், பொறவு நான் வாரேன்" என்று உன் கதையைச் சாக்குச் சொல்கிறார். ஒரு நாள் அக்கா அழுதபோதுதான் உண்மை வந்தது. "மூக்கை மூடி மயக்கம் குடுப்பாவளாம், முழிக்கலைன்னா கயித்த இழுக்க யாரு இருக்கா" என்றார். இருபது வருஷம் சங்கு குளித்து அவர் கடலடியில் இருந்தபோதெல்லாம் தோணியில் கயிற்றைப் பிடித்தது உன் தாய்மாமன். தங்கை தாலியறுப்பாளே என்று எண்ணுகிற மச்சான் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள், அவன் கரையில் தீப்பிடித்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். என் அண்ணனைக் கல்லறையில் வைத்து மூன்று வருஷமாகிறது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஆழியான் இல்லாத புத்தகத்தைக் நான் கடைசிப் பக்கம் வரை புரட்டியதும் அப்பா என் முகத்தையே பார்த்தபோது, இல்லாததை வாசித்தேன். ஆழியான் இரும்புச் சுவரில் மூன்று தரம் தட்டினான், எந்தச் சத்தத்தையும் கேட்கிற செவியாள் மலைமேல் நின்றபடி அதைக் கேட்டாள் என்று வாசித்தேன். படத்தைக் காட்டச் சொன்னார். மலைக்குகைக் கட்டம் ஒன்று முழுக்கக் கறுப்பாயிருந்தது, அதைக் காட்டி இதுதான் கப்பலின் உள்ளே என்றேன். ஜீவமணி எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்பா காலில் போர்வையை இழுத்துவிட்டாள். அப்பா வெகுநேரம் அந்தக் கறுப்பைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "கேட்டுட்டாளா, அப்பம் சரி" என்றார். அன்றைக்கு முழுக் கஞ்சியும் குடித்தார். நேற்றுச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பொய்யை ஒப்புக்கொண்டேன், படம் போட்ட புத்தகத்துக்குமா என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு அருள் நிறைந்த மரியே ஜெபத்தை மூன்று தரம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன், மனசு ஆறவில்லை.

லீவு கிடையாது என்று ஏற்கெனவே எழுதியிருந்தாய், அதை மறுபடி கேட்கவில்லை. ஜூலை இதழ் அச்சுக்குப் போகுமுன் அந்தத் தட்டுகிற சத்தத்துக்கு ஒரே ஒரு கட்டம் போடு, அம்மாவைப் பொய்க்காரியாக்காதே. இதழ் வர எட்டாம் தேதி தாண்டிவிடும், ஆகையால் அவனை வெளியே இழுக்கிறது யார் என்பதை முதலில் கடிதத்தில் எழுது, அப்பாவுக்கென்று எழுது, நான் ஒரு எழுத்து கூட்டாமல் வாசிப்பேன். ஞாயிறு பூசையை விடாதே, கடைச் சாப்பாட்டில் காரத்தைக் குறை. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாளாக. இப்போதெல்லாம் தண்ணீர் வேண்டுமானால் அப்பா கூப்பிடுவதில்லை, கட்டில் சட்டத்தில் மூன்று தரம் தட்டுகிறார். இதோ தட்டுகிறார், போகிறேன். உடனே பதில் எழுது.

உன் அம்மா
ஜே. அற்புதமணி