இடிமேகத்துக்குள் கேட்ட உன் பெயர்

கடலுக்குப் போய்க் கரை திரும்பாத என் சவேரி அண்ணனே,

நான் ஆகாய விமானத்தில் ஏறினேன் என்றால் நீ நம்பமாட்டாய். தோணியில் கால் வைத்தாலே எனக்குக் குமட்டும் என்று திரேஸ்புரம் முழுக்கச் சொல்லிச் சிரித்தவன் நீ. போன வாரம் கொழும்பிலிருந்து திருச்சிக்குப் பறந்தேன். ஆசைப்பட்டு அல்ல. உன் மகள் ரோசாவுக்கு ஞாயிற்றுக்கிழமை பரிசம் போடுகிறார்கள் என்று உன் பெண்டாட்டி, என் மைனி, எழுதியிருந்தாள். அதை நிறுத்தத்தான் புறப்பட்டேன்.

மாப்பிள்ளை யார் தெரியுமா? கயித்தான் மகன். நீ வேலை செய்த தோணியை ஓட்டிய தண்டல், அதே கயித்தான். கொழும்பு ஆபீசில் எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் துரையின் தயவில் என்னைத் தாண்டிப் போனார்கள். அவர்களில் ஒருவனையும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் கயித்தானை வெறுத்ததுபோல் எவனையும் வெறுத்ததில்லை. புயல் காற்றில் பாயை இறக்கச் சொல்லாமல் தோணியை ஓட்டினான், பாய்மரம் முறிந்து நீ கடலில் விழுந்தாய். இதுதான் நான் நம்பியது. உடல் கிடைக்காமலே உனக்குப் பூசை வைத்த அன்று, ஊர் கேட்க அவனைக் கொலைகாரன் என்றேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த மௌனத்தையே சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

சரக்கு விஷயமாகக் கொழும்பு வந்திருந்த அவனும் அதே விமானத்தில் ஏறினான். எனக்கு அடுத்த இருக்கை.

"என்ன தம்பி, பறந்தாவது தடுத்துரணும்னு கிளம்பிட்டியளோ?" என்றான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காதில் வைக்கப் பஞ்சும் வாயில் போடப் பெப்பர்மிண்டும் தந்தார்கள். அவன் இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

நடுக்கடலுக்கு மேல் வந்ததும் பட்டப்பகலே இருண்டுவிட்டது. மின்னலை நாமெல்லாம் அண்ணாந்துதானே பார்த்திருக்கிறோம்? அது பக்கத்தில் வெட்டும் என்று அன்றுதான் கண்டேன். இறக்கையின் ஆணிகளை எண்ணிவிடலாம், அவ்வளவு வெளிச்சம். இடி காதுக்குக் கேட்குமுன் நெஞ்சுக்குக் கேட்டது. விமானம் திடீரென்று பல அடி கீழே இறங்கி மறுபடி நிமிர்ந்தது. யாரோ மாதாவைக் கூப்பிட்டு அழுதார்கள்.

அப்போது கயித்தான் என் தோளைப் பிடித்து உலுக்கினான். கண் என்னைப் பார்க்கவில்லை.

"ஏலே சவேரி, பாயை எறக்குலே! எத்தன தடவ சொல்லுதேன்? கயித்த அவுத்து விடுலே! சொன்னாக் கேளுலே, சவேரி!"

விமானத்தில் ஏது பாய்? முன்வரிசையில் ஒருவர் அந்தப் பயத்திலும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் இருந்தது உன் தோணியில். உன் கடைசி நேரத்தில்.

திருச்சியில் இறங்கியதும், மழைக்கு ஒதுங்கிய கொட்டகையில் கேட்டேன். "அன்னைக்கு எறக்கச் சொன்னியளா?"

"சொல்லாம? தொண்ட கிழியக் கத்துனேன். இந்தக் காத்துக்கா பயப்படுதீருன்னு கேட்டான், தம்பி. சிரிச்சான். நான் எந்திரிச்சுப் போயி கயித்தத் தொடுறதுக்குள்ள மரம் போச்சு."

"இத ஏன் ஒருத்தர்ட்டயும் சொல்லல?"

"செத்தவன் மேல குத்தம் சொல்லவா? கைப்பிள்ளையோட நிக்கிற உங்க மைனி மொகத்தப் பாத்துச் சொல்லச் சொல்லுதியளா?"

ஒரு கயிற்றை அவிழ்க்க உனக்கு என்ன கேடு, அண்ணே? உன் வீட்டு வாசலுக்கு அவர் மீன் கொடுத்தனுப்பியபோதெல்லாம் திருப்பி அனுப்பச் சொன்னவன் நான். மைனியும் பிள்ளையும் வெறுங்கஞ்சி குடித்தார்கள். நான் அதை மானம் என்றேன். அந்த நாட்களை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

வீட்டுக்கு வந்து மைனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்திலிருந்து தலையே தூக்கவில்லை.

"தெரியும், கொழுந்தனாரே. உங்க அண்ணன் எவன் பேச்சக் கேட்டாரு?"

"பின்ன ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க மட்டும் கேப்பியளாக்கும்?"

அதற்குப் பதில் உன்னிடம் உண்டா?

பரிசம் நடந்தது. தாம்பூலத் தட்டைக் கயித்தான் அண்ணன் என் கையில் தந்தார். ரோசா சிரிக்கும்போது உன் பல்வரிசை. ஊரறியப் பழி சொன்னவன் ஆகையால் ஊரறிய இதை எழுதுகிறேன்.

தை மாதம் கல்யாணம். அதற்குமுன் மூன்று ஞாயிறும் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். மூன்று ஞாயிறும் நான் முன்வரிசையில் இருப்பேன், அண்ணே. வாய் திறக்கமாட்டேன்.

உன்மேல் இன்னும் கோபம் ஆறாத
உன் கூடப்பிறந்த தம்பி,
லாசர்