காட்டில் தனியாக நின்ற அரை மணித்தியாலம்

திருவனந்தபுரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் கால்வீக்கம் வற்றிவிட்டதா?

சனிக்கிழமை எங்கள் வகுப்பை இங்கிருந்து மலைப்பக்கம் உள்ள போனக்காடு என்ற இடத்து மழைக்காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மரத்தில் குட்டியோடு இருந்த சிங்கவால் குரங்கையே பார்த்து நின்றேன். திரும்பினால் ஒருவரும் இல்லை. அரை மணித்தியாலம்தான், பயப்பட ஒன்றுமில்லை. கூட வந்த உள்ளூர் மாணவி சுமி தேடி வந்தாள். அங்குள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அதுவரை நாங்கள் பேசியதில்லை.

“பயந்துபோனியா?” என்றாள்.

“இல்லை,” என்றேன்.

“பின்னே ஏன் மரத்தைக் கட்டிப்பிடிச்சு நிக்குற?” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். குரங்கைப் பார்த்து நின்றுவிட்டேன் என்றதும், “குரங்கா? எவிட, எங்கே?” என்று அண்ணாந்தாள். அது மறையும்வரை இருவரும் பார்த்தோம். பிறகுதான் என் காலில் ஒட்டியிருந்த அட்டைகளை எடுத்துவிட்டாள்.

இந்தக் கடிதத்தை மட்டக்களப்புக்குக் கொண்டுவரும் எங்கள் ஆசிரியர் இங்கே திரும்பும்போது அவரிடம் வறுத்த மிளகாய்த்தூள் கொடுத்தனுப்புங்கள், சுமிக்கும் சேர்த்து. போனில் பேசும்போது சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். ஆசிரியரின் வண்டி வந்துவிட்டது.

மகள்
நிரோஜினி