எந்தக் கை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

பேப்பரில் பார்த்திருப்பாய். சிறந்த நடிகர் விருது இந்த வருஷமும் எனக்குத்தான். இதோடு ஏழு. ஷோகேஸில் இடமில்லாமல் இரண்டை பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன்.

நடுவர் குழுத் தலைவர் போன் பண்ணி, "அந்தச் சட்டை போடுற சீன் ஒண்ணு போதும் சார்" என்றார். பக்கவாதம் வந்த கிழவர் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டு ஒரே கையால் பொத்தான் போடும் காட்சி. நீ படம் பார்த்தாயா? விழாவுக்கு முதல் வரிசையில் உனக்கு இடம் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் சாக்குச் சொல்லித் தப்பிக்கிறாய், இந்தத் தடவை விடுவதாக இல்லை.

அம்மா எப்படி இருக்கிறாள்?

உன் தம்பி,
வாலு

ஜனவரி 17

அன்புத் தம்பிக்கு,

போன் பண்ணினால் உன் மேனேஜர் எடுத்து, "சார் ஷாட்ல இருக்காருங்க" என்கிறார். அதனால் கடிதம்.

பக்கத்து வீட்டு டீச்சரை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டுப் படத்துக்குப் போனேன். சட்டை சீனில் தியேட்டரே கைதட்டியது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அது அப்பா. காலரைக் கடிப்பது, பொத்தான் நழுவினால் மூக்கால் உஸ்ஸென்று மூச்சு விடுவது, எல்லாம் அப்பா. அவருடைய கடைசி மாசத்தில் ஷூட்டிங்கை விட்டுவிட்டு வந்து, பதினொரு நாள் அவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாயே. பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

அதிலும் ஒரு தப்பு. அப்பாவுக்கு விழுந்தது வலது கை. நீ இடது கையைத் தொங்கவிட்டிருக்கிறாய்.

விழாவுக்கு வரவில்லை. அம்மாவும் இப்போது கால் வலியோடு படுக்கையில்தான்.

அக்கா

பிப்ரவரி 2

அக்கா,

மேக்கப் அறையில் வைத்துப் படித்தேன். நீ சொன்னது சரி. முதல் இரண்டு நாள் பிள்ளையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அவர் காலரைக் கடித்தார். அதற்கப்புறம் உட்கார்ந்திருந்தது நடிகன். வெட்கமாக இருக்கிறது.

கை விஷயம் இப்போதுதான் உறைத்தது. எதிரே உட்கார்ந்து பார்த்ததால், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாற்றிப் படித்திருக்கிறேன். நாற்பது நாள் ஷூட்டிங்கில் ஒரு சந்தேகம்கூட வரவில்லை.

விருதைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

வாலு

பிப்ரவரி 10

தம்பி,

விருதை எதற்குத் திருப்பிக் கொடுக்கிறாய்? நன்றாக நடித்தாய், கொடுக்கிறார்கள். பேசாமல் வாங்கிக்கொள். அந்தப் பதினொரு நாளில் ஒரு நாளாவது அவருக்கு நீ சட்டை போட்டுவிட்டிருந்தால், எந்தக் கை என்று தெரிந்திருக்கும். என் வருத்தம் அதுதான்.

அம்மா தினமும் உன்னைக் கேட்கிறாள். வருவதென்றால் வேலை செய்ய வா. வேடிக்கை பார்க்க வராதே. அந்த நாற்காலியைத் தூக்கி மொட்டை மாடியில் போட்டுவிட்டேன்.

அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

விழா முடிந்தது. மேடையில் அப்பாவைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன், விட்டுவிட்டேன். நன்றி சொல்லி இறங்கிவிட்டேன். அடுத்த படத்தை இரண்டு மாசம் தள்ளிப்போடச் சொன்னேன், தயாரிப்பாளர் தாம்தூமென்று குதிக்கிறார். குதிக்கட்டும். ஒன்றாம் தேதி வந்துவிடுவேன்.

அம்மாவுக்கு எந்தக் காலில் வலி, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள் என்று எழுது. வருவதற்குள் மனப்பாடம் பண்ணிவிடுகிறேன்.

வாலு

பிப்ரவரி 23

வாலு,

எந்தக் கால் என்று எழுத மாட்டேன். வந்து தைலம் தேய், தெரிந்துவிடும்.

நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா. அம்மாவுக்குத் தோல் ரொம்ப மெலிசாகிவிட்டது.

அக்கா