சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது

என் பிரியமுள்ள நைனா,

உன் மூத்த பெண் மறுபடியும் படிக்கிறாள் என்றால் நம்புவாயா? முப்பத்திரண்டு வயதில் நர்சிங் முதல் வருடம். வகுப்பில் எல்லோருக்கும் நான் அக்கா.

போன மாதம் பரீட்சை. செவிலியப் பணியின் அடிப்படைகள்தான் பாடம். முந்தின நாள், என்னோடு படிக்கும் பிரியா நெட்டுக்குப்பத்திலிருந்து நம் ராயபுரம் வீட்டுக்கு வந்தாள். நீ இரண்டு வருடம் படுத்திருந்த முன்னறையில் உட்கார்ந்துகொண்டோம். அவள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். நாடி பார்ப்பது, மூச்சு எண்ணுவது, கை கழுவுவது எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. அம்மா வாசலில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மல்லாக்கப் படுத்துகினே கீற பேஷண்டுக்கு எங்கெங்க படுக்கைப் புண்ணு வரும்?" என்றாள் பிரியா.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. "பின்மண்டை, தோள்பட்டை, முழங்கை, இடுப்புக்குக் கீழ, குதிகாலு."

"ஆன்ட்டி, நாளைக்கு நீங்களே வந்து எழுதிடுங்க" என்று பிரியா சிரித்தாள். சிரித்தபடியே அடுத்த வரியைப் படித்தாள். தோல் சிவந்திருந்தால் அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, உள்ளே இருக்கும் சதை கெட்டுப்போகும்.

வேலையில் கீழே விழுந்து, முதுகெலும்பு ஒடிந்து நீ படுத்த பிறகு, உன் இடுப்பு சிவந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் தேங்காய் எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்த்தவள் நான். புண்ணும் அங்கேதான் வந்தது. அதைப் பெரிதாக்கியது என் கைதானா, நைனா?

அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சா செஞ்சோம்? அந்தப் புண்ணு ஆறிப்போச்சு, மறந்துட்டியா? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதபா நான்தான பொரட்டிப் போட்டுகினு இருந்தேன். அவரு போனது நெஞ்சு வலில."

"இருந்தாலும்மா..."

"உங்க நைனாவுக்கு அங்க உணர்ச்சியே கெடையாதுடி. அவருக்கு எண்ணெயா வேணும்? சாயங்காலம் ஆனா, பொண்ணு வந்துட்டாளான்னு வாசலையே பாத்துகினு இருப்பாரு. நீ வந்து பக்கத்துல குந்துனா போதும் அவருக்கு." பிறகு பிரியாவிடம் திரும்பினாள். "நீ அடுத்தது கேளும்மா. இவ இப்டியே அழுதுகினு இருந்தா நாளைக்கு இன்னாத்த எழுதுவா?"

மறுநாள் படுக்கைப் புண் பற்றிய கேள்வியே வந்தது. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, தேய்க்கக் கூடாது என்ற அந்த வரியைத்தான் முதலில் எழுதினேன்.

நேற்று ரிசல்ட் வந்தது. பாஸ். அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள்.

இனி வார்டில் எத்தனையோ பெண்கள் அப்பாவின் முதுகை ஆசையாகத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். யார் கையையும் தட்டிவிட மாட்டேன், நைனா. நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டு, மற்றதைச் சொல்லித்தருவேன்.

சாயங்காலம் உன் பக்கத்தில் குந்தியிருந்த மகள்,
ஸ்டெல்லா