பழையவர்கள் ஜெயிக்கும் மேட்ச்

21 ஜனவரி 99
குளிர். முழங்கால் வலி, தைலம் தீர்ந்துவிட்டது. ஞாயிறன்று வருஷாந்திரக் கூத்து: பழைய மாணவர்கள் எதிர் என் பையன்கள், ஃபுட்பால். பழையவர்கள்தான் ஜெயிக்க வேண்டும். காலேஜில் எழுதாத சட்டம் இது, தோற்றால் கிரவுண்டுக்கு எதுவும் வாங்கித் தர மாட்டார்களாம். பிரின்சிபால் மறுபடி ஞாபகப்படுத்தினார். பந்து உருண்டையா சதுரமா என்று கேட்டாலே யோசிக்கிற மனுஷன்.

23 ஜனவரி
வாங்க: தைலம், விசில், வீட்டில் ஜெயா கேட்ட ரவை.
கோல்கீப்பர் முருகேஷுக்குத் தோற்கப் பயிற்சி. கட்கி குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பையன், எங்கள் வீட்டு வரிசைதான். பழையவர்களில் யார் அடித்தாலும் ஒரு கோல் விட வேண்டும். அரை நொடி தாமதித்து விழ வேண்டும், பார்ப்பவனுக்குத் தெரியக் கூடாது. இருபது தடவை விழவைத்தேன். இந்தப் பிழைப்புக்குப் பேர் கோச்.
தேஷ்முக் போன். காலேஜின் முதல் டீமில் எங்கள் கேப்டன், இப்போது பில்டர், சீஃப் கெஸ்ட். எழுபத்தெட்டில் எனக்கு முழங்கால் போனது, அதோடு ஆட்டமும். அவனுக்குத் தொப்பை வந்தது. நானும் ஆட வேண்டுமாம். முடியாது என்று வைத்துவிட்டேன்.

24, ஞாயிறு
நல்ல வெயில். தொப்பைகளின் ஊர்வலம். ஷூ லேஸ் கட்டவே மூச்சு வாங்குகிறது. கடைசிப் பத்து நிமிஷம், 0–0. பையன்கள் வழிவிட்டு நின்றும், பந்தைக் கோல்வரை கொண்டுபோக ஒருத்தனுக்கும் வக்கில்லை. தேஷ்முக் தன் ஜெர்சியைக் கழற்றி என் மேல் எறிந்தான். இறங்கினேன்.
அடித்தேன். இடது கால், கீழ் மூலை. முருகேஷ் பாய்ந்தான், எட்டவில்லை. இப்படி அடித்தால் எவன் பிடிப்பான்? இருபத்தோரு வருஷம் கழித்து! சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம். ஜெயாவிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை அவள் உப்புமா கிளறப் போய்விட்டாள். முழங்கால் வீங்கியிருக்கிறது, வீங்கட்டும்.

25 ஜனவரி
பிராக்டிஸ். ஒருத்தனுக்கும் ஷாட் அடிக்கத் தெரியவில்லை, நேற்று என் காலைப் பார்த்தீர்களாடா என்று அரை மணி லெக்சர். சோம்பேறிகள், தலையாட்டினார்கள்.
பிறகு முருகேஷ் பக்கத்தில் வந்தான். மராத்தி ஊரில் வளர்ந்தவன், தமிழ் தடுமாறும்.
"சார், நீங்க சொன்ன மாதிரியே லேட்டா விழுந்தேன். பராபர் இருந்துச்சா?"
சரியாகத்தான் விழுந்தாய் என்றேன். விசில் ஊதி எல்லாரையும் நாலு சுற்று ஓடவிட்டேன். அவனை மட்டும் உட்காரச் சொன்னேன்.